சிபி குழந்தைக்கு வீடியோ கேம் பயிற்சி: காங்கேயத்து அம்மாவின் கேள்வியும் அதற்கு எழுதிய குறிப்புகளும்

கேள்வி, ஜூன் 7

வணக்கம்ங்க்கா. பையனுக்கு எட்டு வயசு, சிபி, அதாவது செரிப்ரல் பால்ஸி (மூளை முடக்குவாதம்). ரெண்டு காலிலும் இறுக்கம், இடது கையும் மடங்கியே இருக்கும். வாக்கர் பிடித்து நடக்கிறான். இப்போது ஒரு தெரபி சென்டரில் வீடியோ கேம் வைத்துப் பயிற்சி தருகிறோம், மூளையில் அடிபட்ட இடமே சரியாகிவிடும் என்று சொல்லி மூணு மாசப் பணத்தை முன்கூட்டியே கட்டச் சொல்கிறார்கள். வீட்டுக்காரர் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அவ்வளவு பணம் வேண்டுமென்றால் நகையைத்தான் வைக்கணும். மாமியார் "செல்லக் காட்டியே பையனக் கெடுக்கறீங்க, இதுக்குக் காசு வேற கட்டறீங்களா"ன்னு சத்தம் போடறாங்க. கேம் நிஜமாவே வேலை செய்யுமாங்க்கா?

ஜூன் 7, இரவு

நகையை வைக்காதீங்க அம்மிணி. கேம் வேலை செய்யும். ஆனால் அவர்கள் சொன்ன வேலையை அது செய்யாது. நாளைக்கு உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஜூன் 8

கோபியில் சின்னதாக ஒரு பிசியோ அறை வைத்திருக்கிறேன். அதற்கு முன்னால் பல வருஷம் சத்தி, அந்தியூர், பவானிப் பக்கம் வீடு வீடாகப் போய்க் குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுத்தவள். அந்த அனுபவத்தில் இருந்துதான் எழுதுகிறேன்.

மூளை வளர்கிற காலத்தில், வயிற்றுக்குள் இருக்கும்போதோ பிறக்கும்போதோ பிறந்த கொஞ்ச காலத்திலோ, அதில் பாதிப்பு ஏற்பட்டால் வருவது சிபி. அந்தக் காயம் நாளாக நாளாகப் பெரிதாவதில்லை, அதேபோல அழிந்தும் போவதில்லை. எந்த மெஷினும் அதை அழிக்காது, எவ்வளவு பணம் கட்டினாலும் அழிக்காது. மிச்சமிருக்கிற மூளை புதிதாக எதைக் கற்றுக்கொள்கிறது என்பதில்தான் மாற்றம் வரும். குழந்தை தானே முயன்று, தனக்கு வேண்டிய ஒரு காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்யும்போதுதான் அது கற்றுக்கொள்கிறது. நாம் கையைப் பிடித்து நீட்டி மடக்கிவிட்டால் கொஞ்ச நேரம் இறுக்கம் இளகும், குழந்தை ஒன்றும் கற்றுக்கொண்டிருக்காது.

இப்போது கணக்கைப் பாருங்கள். 2020இல் சிபி குழந்தைகளின் கைப் பயிற்சி ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது கிடைத்தது இது: சட்டை பட்டன் போடுவது மாதிரி ஒரு குறிப்பிட்ட காரியம் கைவர 14 முதல் 25 மணி நேரப் பயிற்சியாவது வேண்டும், கையின் பொதுவான திறனே கூட வேண்டுமென்றால் 30 முதல் 40 மணி நேரம். வாரத்துக்கு ரெண்டு தடவை அரை மணி நேரம் தெரபி என்றால் மாசத்துக்கு நாலு மணிதான் ஆகிறது. அதில் ஷூ கழட்ட ஒரு நேரம், அழுகையை ஆற்ற ஒரு நேரம். மீதி மணியெல்லாம் வீட்டில்தான் சேர வேண்டும். வீட்டில் அம்மா "இன்னும் பத்துத் தடவை கையத் தூக்கு சாமி" என்றால் எந்தக் குழந்தை தூக்கும்? பலூன் உடைக்கணும் என்றால் தூக்கும். கேமின் உபயோகம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. எண்ணாமலே எண்ணிக்கை ஏறும்.

ஜூன் 9

"ஆராய்ச்சி இருக்கிறதா, சும்மா சொல்கிறீர்களா" என்று பெருந்துறையில் இருந்து ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி.

நின்டெண்டோ கம்பெனியின் வீ என்கிற வீடியோ கேம் மெஷின் 2006 கடைசியில் வந்தது. 2008இலேயே அமெரிக்காவில் ஒரு பிசியோதெரபி இதழில் கட்டுரை வந்துவிட்டது. ரெண்டு காலிலும் இறுக்கம் உள்ள 13 வயதுச் சிபி பிள்ளைக்கு வீ விளையாட்டை வைத்து 11 முறை பயிற்சி கொடுத்து, நிற்கும் நிலை, கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்ளும் திறன், நடமாட்டம் இவற்றில் முன்னேற்றம் பார்த்ததாக எழுதினார்கள். அது ஒரே ஒரு பிள்ளையின் கதை என்பதை மறக்கக் கூடாது. அதற்கப்புறம் நிறைய ஆய்வு வந்திருக்கிறது, பலதும் சின்னச் சின்னக் குழுக்கள், ஆளுக்கொரு கேம், ஆளுக்கொரு கால அளவு. அவற்றைப் படித்தும் என் அறையில் பார்த்தும் நான் வந்த முடிவு: வழக்கமான பயிற்சியோடு சேர்த்துக் கொடுத்தால் உதவுகிறது, முக்கியமாக உட்கார்ந்தும் நின்றும் சாயாமல் இருக்கிற சமநிலைக்கு. வழக்கமான பயிற்சியை நிறுத்திவிட்டு இதை மட்டும் கொடுப்பதற்கு நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஜூன் 9, மாலை

அந்த சென்டரில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள் அம்மிணி. "மூணு மாசம் கழித்து என் பையன் இப்போது செய்ய முடியாத எதைச் செய்வான்?" படி ஏறுவான், தட்டைப் பிடிப்பான் என்று எதையாவது குறித்துச் சொன்னால் மேற்கொண்டு பேசலாம். மூளை, நரம்பு, செல் என்றே பேசிக்கொண்டிருந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

ஜூன் 12

மெஷின் வாங்குவது பற்றி நிறையப் பேர் கேட்டதால் இது நீளமாக இருக்கும்.

முதலில் வீ. கையில் பிடிக்கிற ரிமோட், காலுக்குக் கீழே வைக்கிற பேலன்ஸ் போர்டு. அந்தப் பலகைக்கு அடியில் நாலு மூலையிலும் எடையை உணரும் கருவி இருக்கிறது. குழந்தை எந்தக் காலில் எவ்வளவு எடை போடுகிறது என்பது அந்த நிமிஷமே திரையில் தெரிந்துவிடும். இடது காலில் எடையே போடாத குழந்தைக்கு "இடது பக்கம் சாய்ந்தால்தான் மீன் கிடைக்கும்" என்று திரை சொல்வதும் நான் தொண்டை வறளக் கத்துவதும் ஒன்றல்ல. என் அறையில் இன்றைக்கும் அதிகம் உழைக்கிற சாமான் அந்தப் பலகைதான். ரெண்டு பக்கமும் கனமான மர நாற்காலி போட்டு, பின்னால் நான் நின்றுகொள்வேன்.

அடுத்தது கைனெக்ட், மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் விளையாட்டு மெஷினோடு சேர்கிற கேமரா, 2010இல் வந்தது. கையில் ஒன்றும் பிடிக்க வேண்டாம், கேமராவே உடம்பைப் படிக்கும். விரலால் எதையும் பற்ற முடியாத குழந்தைக்கு இதைவிட நல்லது இல்லை என்று நினைத்துத்தான் நாங்களும் ஆசைப்பட்டோம். ஆனால் ஒருவர் ஆட மெஷினில் இருந்து ஆறு அடி தள்ளி நிற்கணும், ரெண்டு பேர் என்றால் எட்டு அடி. பல்லடத்திலும் திருப்பூரிலும் லைன் வீட்டில் ஒரே அறை, அதில் பீரோ, கட்டில், தையல் மெஷின். ஆறு அடிக்கு எங்கே போவது? வாசலில் வைக்கலாம் என்றால் வெயில் பட்டவுடன் அது தடுமாறும், ஏனென்றால் அது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை வீசித்தான் ஆளைக் கண்டுபிடிக்கிறது. அதைவிடப் பெரிய சிக்கல், வாக்கரில் நிற்கிற குழந்தை. வாக்கரின் கம்பியையும் குழந்தையின் காலையும் பிரித்துப் பார்க்க அது திணறும். பின்னால் அம்மா பிடித்துக்கொண்டால் அம்மாவை ஆட்டக்காரராக எடுத்துக்கொள்ளும். அந்தியூரில் ஒரு வீட்டில் அப்படித்தான் அம்மாயி பந்தைத் தட்டித் தட்டி ஜெயித்துக்கொண்டிருந்தார், பேத்தி கைதட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். பயிற்சி அம்மாயிக்கு ஆயிற்று. ஆனால் அந்தப் பிள்ளை அவ்வளவு சிரித்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ரெண்டு மெஷினும் இப்போது தயாரிப்பில் இல்லை. வீ 2013இலும் கைனெக்ட் 2017இலும் நின்றுவிட்டன. பழையதுதான் கிடைக்கும். கோயம்புத்தூரில் பழைய சாமான் கடையில் பார்த்தால், பலகையையும் ரிமோட்டையும் அங்கேயே ஓட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.

புதிதாக வந்தவற்றில் மைக்ரோசாஃப்ட் 2018இல் கொண்டுவந்த எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலர் நல்ல யோசனை. ரெண்டு பெரிய வட்டப் பலகை, அதோடு வெளியில் இருந்து பொத்தான், பெடல் எதையும் சொருகிக்கொள்ள 19 துளை. தலையால் தட்டலாம், முழங்கையால் தட்டலாம். சோனியும் 2023இல் இந்த மாதிரி ஒன்று விட்டது. ஆனால் அதற்கான விளையாட்டு மெஷின், டிவி எல்லாம் சேர்த்தால் விலை நம் ஆட்களுக்குத் தாங்காது. நூலகத்துக்கோ பள்ளிக்கோ யாராவது வாங்கிக் கொடுத்தால் பல குழந்தைகள் மாற்றி மாற்றி ஆடலாம்.

ஜூன் 13

செல்போன் போதாதா என்று கேட்டவர்களுக்கு. மாமியார் சொன்னதில் பாதி சரிதான். கூன் போட்டு உட்கார்ந்து யூடியூப் பார்ப்பது பயிற்சி ஆகாது, கட்டைவிரல் மட்டும் ஆடும் கேமும் ஆகாது. ஆனால் அதே செல்லைக் குழந்தையின் கண் மட்டத்துக்கு ஒரு ஸ்டாண்டில் வைத்து, குழந்தையை ஸ்டாண்டிங் ஃபிரேமில் (விழாமல் நிற்கத் தாங்கிப் பிடிக்கிற சட்டம்) நிறுத்தி, கை எட்டித் தொட்டால்தான் நடக்கிற மாதிரி ஒரு எளிய கேமைப் போட்டுக் கொடுத்துப் பாருங்கள். ஃபிரேமில் பத்து நிமிஷம் நிற்கவே அழுகிற பிள்ளை, நிற்கிற நினைப்பே இல்லாமல் நிற்கும்.

ஜூன் 16

12ஆம் தேதி எழுதியதோடு இதையும் சேர்த்துப் படிக்கணும், இல்லாவிட்டால் மெஷினை வாங்கிக் கொடுத்துவிட்டு நாம் சமையலுக்குப் போய்விடுவோம்.

குழந்தைகள் கெட்டிக்காரர்கள், எது சுலபமோ அந்த வழியில்தான் ஜெயிப்பார்கள். வீயில் டென்னிஸ் ஆட முழுக் கையையும் வீச வேண்டியதில்லை, நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு மணிக்கட்டைச் சொடுக்கினாலே பந்து போகும். பவானியில் ஒரு பையன், வலது பக்கம் முழுக்கப் பாதிப்பு. இடது கையால் மட்டும் ஆடி வீட்டில் எல்லாரையும் தோற்கடித்தான். ஸ்கோர் ஏறிக்கொண்டே போனது, வலது கை மடியில் மடங்கியே கிடந்தது. அவன் அப்பா என்னிடம் பெருமையாகச் சொன்னார், எனக்கு வயிறு கலங்கியது. அன்றைக்கே ரிமோட்டை ஒரு பிளாஸ்டிக் ஸ்டீயரிங் வட்டத்துக்குள் பொருத்தி, ரெண்டு கையாலும் பிடித்துத்தான் ஓட்டணும் என்ற கார் பந்தயத்துக்கு மாற்றினோம். ஒரு கையை எடுத்தால் வண்டி வரப்பில் ஏறும். வலது கை ஸ்டீயரிங்கை விடாமல் பிடிக்க ஆரம்பித்தது அப்புறம்தான்.

அதனால் யாராவது பக்கத்தில் உட்காரணும். உடம்பு எப்படிச் சாய்கிறது, குதிகால் தரையில் இருக்கிறதா, எந்தக் கை தூங்குகிறது என்று பார்க்கணும். ஸ்கோரைப் பார்க்காதீர்கள், பிள்ளையைப் பாருங்கள்.

ஜூன் 17

திருச்செங்கோட்டில் இருந்து ஒரு வாத்தியார்: "பல்லாங்குழி இருக்கு, தாயம் இருக்கு, கோலி இருக்கு. அதையெல்லாம் விட்டுட்டு சீமைச் சாமான் எதுக்கு?"

முழுக்க ஒத்துக்கொள்கிறேன், பாதிக் குழந்தைகளுக்கு. புளியங்கொட்டையைக் குழியில் இருந்து அள்ளி ஒவ்வொன்றாகப் போடுவதைவிட விரலுக்கு நல்ல பயிற்சி எந்த மெஷினிலும் இல்லை, எண்ணவும் கற்றுக்கொள்வார்கள். ஆனால் சிபியின் நடமாட்டத்தை ஐந்து படியாகப் பிரிப்பார்கள், படி ஏற ஏறச் சிரமம் அதிகம். நாலாவது, ஐந்தாவது படியில் இருக்கிற பிள்ளைக்குப் பெரும்பாலும் கொட்டையை எடுக்க வராது. பிறந்ததில் இருந்து அதற்காக மற்றவர்களே காயை நகர்த்தியிருப்பார்கள். அப்படிப்பட்ட பிள்ளை ஒரு பெரிய பொத்தானில் தன் கையை விழ வைத்துத் திரையில் பட்டாசு வெடிக்கச் செய்தபோது, "நானு, நானு" என்று கத்தியது என் காதில் இன்னும் இருக்கிறது. வாத்தியார் ஐயாவுக்கு ஒன்றே ஒன்று: உங்கள் பள்ளிக்கூடத்தில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால் ரெண்டையும் கொடுங்கள்.

ஜூன் 20

காசே இல்லாமல் செய்ய ஒரு வழி. இதைத்தான் நான் ஆரம்பத்தில் இருந்தே எழுத நினைத்தேன்.

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசாங்கம் 2011இல் இருந்து கொடுத்த விலையில்லா மடிக்கணினி எத்தனையோ வீட்டில் பீரோ மேல் தூங்குகிறது. என் நாத்தனார் மகளுடையதை வாங்கி வந்தேன். அதில் ஸ்கிராட்ச் என்று ஒரு இலவச மென்பொருள், அமெரிக்காவில் எம்ஐடி பல்கலைக்கழக ஆட்கள் குழந்தைகள் நிரல் எழுதப் பழக 2007இல் வெளியிட்டது. கட்டங்களை இழுத்து ஒன்றோடொன்று ஒட்ட வைத்தால் கேம் தயார். அதில் கேமராவை வைத்து அசைவை உணரும் வசதி உண்டு. திரையில் குழந்தையின் முகமே தெரியும், அதன் மேல் பலூன் மிதக்கும், கை பட்டால் உடையும். அவ்வளவுதான் கேம்.

இதன் அருமை என்னவென்றால் எல்லாம் நம் கையில் இருக்கிறது. கடையில் வாங்குகிற கேம் ஓடியாடும் பிள்ளைக்காகச் செய்தது, வேகம் குறையாது, ரெண்டு தடவை தோற்றால் "மோசம்" என்று முகத்தில் அடித்த மாதிரி சொல்லும். இங்கே பலூனை இடது மேல் மூலையில் மட்டும் வர வைத்தால் இடது கையை மேலே தூக்குவதுதான் சுலபம். பெரிய பலூனில் ஆரம்பித்து வாரா வாரம் சின்னதாக்கலாம். வேகத்தைக் குழந்தைக்குத் தக்கபடி வைக்கலாம். பலூனுக்குப் பதில் அப்புச்சியின் போட்டோ, வீட்டு ஆட்டுக்குட்டி போட்டோ வைத்தோம். ஆட்டுக்குட்டிக்குத்தான் கிராக்கி அதிகம்.

கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால் மேக்கி மேக்கி என்று உள்ளங்கை அளவு ஒரு சர்க்யூட் அட்டை, 2012இல் வந்தது. மின்சாரத்தைக் கடத்துகிற எதையும் அது கீபோர்டு பொத்தான் ஆக்கிவிடும். நாங்கள் எவர்சில்வர் டம்ளரை வைத்தோம். ஒரு கையால் தட்டத்தில் ஒட்டிய ஒயரைத் தொட்டுக்கொண்டு மறு கையால் டம்ளரைப் பிடித்தால் திரையில் தவளை தாவும். ரெண்டு கையும் வேலை செய்தால்தான் சுற்று முழுமையாகும், அதனால் பவானிப் பையன் மாதிரி ஒரு கையை மடியில் வைத்து ஏமாற்ற முடியாது. டம்ளரைப் பிடிக்கப் பழகிய கை அதே டம்ளரில் பால் குடிக்கவும் போகும் என்பதுதான் கணக்கு.

ஜூன் 20, இரவு

ஷாக் அடிக்காதா என்று நாலைந்து பேர். அட்டை யுஎஸ்பி மின்சாரத்தில், அதாவது 5 வோல்ட்டில்தான் ஓடுகிறது. குழந்தை வழியாகப் போகும் மின்சாரம் தோலுக்கே தெரியாத அளவு. இருந்தாலும் எங்கள் அறையில் ஒரு கட்டுப்பாடு உண்டு: ஆடும்போது மடிக்கணினியில் சார்ஜர் மாட்டக் கூடாது, பேட்டரியில் மட்டும். பேட்டரி செத்துப்போன மடிக்கணினி என்றால் டம்ளர் வேண்டாம், பலூனோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஜூன் 23

இதை எல்லாரும் படிக்க வேண்டும்.

சிபி குழந்தைகளில் நிறையப் பேருக்கு ஃபிட்ஸ் உண்டு. அவர்களில் சிலருக்கு வேகமாக மின்னுகிற வெளிச்சம் ஃபிட்ஸைக் கிளப்பிவிடும். 1997 டிசம்பரில் ஜப்பானில் போக்கிமான் கார்ட்டூனில் சிவப்பும் நீலமும் மாறி மாறி மின்னிய ஒரு காட்சிக்கு அப்புறம் 600க்கும் மேற்பட்ட குழந்தைகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதனால் ஃபிட்ஸ் வந்த பிள்ளை என்றால் டாக்டரிடம் கேட்காமல் எந்தக் கேமும் வேண்டாம். அவர் சரி என்றால் விளக்கைப் போட்டுக்கொண்டு, திரையைத் தள்ளி வைத்து ஆடட்டும். மாத்திரை தவறிய அன்றும், நோம்பிக்குப் போய் ராத்திரி தூங்காமல் வந்த அன்றும் கட்டாயம் லீவு.

இடுப்பு. சிபி குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு இடுப்பு மூட்டில் தொடை எலும்பு மெல்ல மெல்லக் கிண்ணத்தில் இருந்து விலகுகிறது, நடமாட்டம் குறைவான பிள்ளைகளுக்கு இன்னும் அதிகம். வலி இல்லாமலே விலகும். எக்ஸ்ரே எடுத்து எலும்பு டாக்டர் பார்க்காமல் குதிக்கிற, ஒற்றைக் காலில் நிற்கிற கேம் கொடுக்கக் கூடாது. ஏஎஃப்ஓ ஷூ (கணுக்காலைத் தாங்கிப் பிடிக்கிறது) கொடுத்திருந்தால் அதைப் போட்டுக்கொண்டு பலகையில் ஏறலாமா, கழட்டிவிட்டா என்று உங்கள் பிசியோவிடம் கேளுங்கள், குழந்தைக்குக் குழந்தை மாறும்.

நேரம். ஒரேயடியாக ஒரு மணி நேரம் வேண்டாம், கால் மணி, அப்புறம் ஓய்வு. 2007இல் வீ டென்னிஸை மணிக்கணக்கில் ஆடித் தோள்பட்டையில் கடும் வலி வந்த ஒரு ஸ்பெயின் டாக்டரைப் பற்றி மருத்துவ இதழிலேயே வந்தது. வளர்ந்த ஆளுக்கே அப்படி என்றால் இறுக்கம் உள்ள தசைக்கு எவ்வளவு சீக்கிரம் வலி வரும்!

ஜூன் 25

பணம் பற்றிக் கேட்டிருந்ததால், கேமை விட்டு விலகி. 2016ஆம் வருஷச் சட்டத்தில் உள்ள 21 வகை மாற்றுத்திறனில் சிபியும் உண்டு, யூடிஐடி கார்டு (மாற்றுத்திறனாளிக்கான தேசிய அடையாள அட்டை) எடுத்துவிடுங்கள். அது இருந்தால்தான் மற்றவை நகரும். மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்ட்டின் நிராமயா மருத்துவக் காப்பீடு வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, தெரபி செலவுக்கும் அதில் இடமுண்டு. பள்ளி வயதுப் பிள்ளைக்குப் பள்ளிக் கல்வித் துறையின் வட்டார வள மையத்தில் பிசியோவும் சிறப்பாசிரியரும் இருப்பார்கள், வர முடியாத பிள்ளைக்கு வீட்டுக்கே வருவார்கள். நானும் அப்படி வந்துபோனவள்தான். அவர்கள் வருகிற நாளில் கேமைப் போட்டுக் காட்டி, எந்த அசைவு வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மூணு மாச முன்பணம் யாருக்கும் வேண்டாம்.

ஜூலை 2

காங்கேயத்து அம்மிணி எழுதியிருக்கிறார். சென்டரில் அந்தக் கேள்வியைக் கேட்டாராம், பதில் வரவில்லையாம், பணம் கட்டவில்லையாம். மனசு நிறைந்துவிட்டது. பையனிடமே "உனக்கு என்ன பண்ண வரணும் கண்ணு" என்று கேட்டதற்கு, வீட்டு வாசப்படியில் யாரும் தூக்காமல் ஏறணும் என்றானாம்.

அப்படியானால் பயிற்சியை அதில் இருந்து பின்னோக்கி அமைக்கலாம். படி ஏற ஒரு காலில் எடையைத் தாங்கிக்கொண்டு மறு காலைத் தூக்க வேண்டும். முதலில் பலகையில் நின்று பக்கவாட்டில் எடை மாற்றுகிற கேம். பலகை இல்லாவிட்டால் பலூனைப் பக்கவாட்டில் தள்ளி வைத்தாலும் உடம்பு சாயும். அப்புறம் ஒரு சாணுக்கும் குறைவான மரப்பெட்டியில் ஒரு காலை வைத்தபடி அதே கேம், இடுப்பு எக்ஸ்ரே பார்த்த பிறகு மட்டும். ஒவ்வொரு தடவையும் கேம் முடிந்த கையோடு, திரையை அணைத்துவிட்டு, நிஜ வாசப்படிக்குப் போய் ரெண்டு மூணு தடவை. இந்தக் கடைசி வேலையை விட்டால் பையன் பலூன் உடைப்பதில் கெட்டிக்காரன் ஆவான், படி அப்படியே இருக்கும். கேமில் கற்றது தானாகப் படிக்குப் போய்விடாது, நாம்தான் கூட்டிக்கொண்டு போகணும். மாமியாரிடம் வாசப்படிப் பங்கை ஒப்படைத்துவிடுங்கள், அவருக்கும் செல் மேல் இருக்கிற கோபம் குறையும்.

ஜூலை 5

ஸ்கிராட்ச் பலூன் கேமின் கோப்பு கேட்ட எல்லாருக்கும்: குழந்தையின் வயது, எந்தக் கை, உட்கார்ந்து ஆடுமா நின்றா, ஃபிட்ஸ் உண்டா, என்ன காரியம் பண்ண ஆசைப்படுகிறது, இவ்வளவையும் எழுதுங்கள். பார்த்து வேகமும் இடமும் மாற்றி அனுப்புகிறேன். அதற்கு முன்னால் பழைய மடிக்கணினியைச் சார்ஜ் போட்டு, கேமரா ஓடுகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.